ஏழாம் அறை: காற்று

எட்டு அறைப் பங்களா. எட்டிலும் சுவரோரம்
விலா எலும்பு தெரிய நிற்கிறது ஒரு ரேடியேட்டர்.
நிலவறையில் பொயிலர்.
அதற்குப் பசித்தால் நான் எழும்ப வேண்டும்,
மூன்றரை மணிக்கு, யூகலிப்டஸ் கட்டையோடு.
நனைந்த கட்டை முதலில் அழும்,
பிறகு புகையும்,
மனம் வந்தால் எரியும்.

ஏழாம் அறை மட்டும் சூடேறாது.
வரிசையில் கடைசி, வடக்குப் பார்த்த ஜன்னல்.
நுவரெலியாப் புல்வெளியில் உப்புப் பூக்கும் ஜனவரியில்
கண்ணாடியின் உட்பக்கமே வியர்த்து வழியும்.
யாரும் வாடகைக்கு எடுக்காத அறை என்பதால்
துணி துவைக்கும் புனிதமலர்
தன் தையல் மெஷினை அங்கே வைத்திருந்தாள்.
வீரக்கோன் மாத்தயாவுக்குத் தெரியும்,
தெரியாத மாதிரி நடப்பார்.

தைப்பொங்கலுக்குப் பதினோரு நாள்.
கந்தப்பளை லயத்துப் பெண்கள் கொடுத்த
பதினாறு ரவிக்கைத் துணி.
விரல் மரத்து, ஊசி ஏறி,
மஞ்சள் ரவிக்கையில் சிவப்புப் பொட்டு விழுந்த அன்று
படியில் என்னை மறித்தாள்:
"அண்ணே, அந்த இரும்புக்கு உசுரு இருக்கா இல்லையா?"

தொட்டுப் பார்த்தேன்.
கால் குளிர்ந்தால் சேறு, தலை குளிர்ந்தால் காற்று.
இதற்கு உடம்பெல்லாம் குளிர்.
சதுரச் சாவியைச் செருகி அரைச் சுற்று.
உஸ்ஸென்று போனது எத்தனை வருஷத்துக் காற்றோ,
துரு மணத்தது.
பின்னாலேயே தண்ணீர், ஊறிப்போன பிளேன்டி நிறத்தில்.
சட்டைக் கையில் தெறித்த கறை
இன்னும் போகவில்லை என்று துவைத்தவளே சொன்னாள்.

அப்படியும் வெதுவெதுப்புத்தான்.
தண்ணீர் ஒரு சோம்பேறி.
கிட்டே இருக்கும் இரண்டாம் அறைக்குள் புகுந்து
ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்பிவிடும்.
அங்கே தங்குகிறவர்கள் புழுக்கம் தாளாமல்
நடுச்சாமத்தில் ஜன்னலைத் திறக்கிறார்கள்,
என் விறகு பனியோடு போகிறது.
இரண்டின் அடிவால்வைக் கால் சுற்று இறுக்கினேன்.
மூன்றில் அதில் பாதி.
நாலில் தொட்டும் தொடாமலும்.
இருபது நிமிஷம்.
ஏழின் விலாக்களில் ஒவ்வொன்றாகச் சூடு ஏறியது.
புனிதமலர் அதன்மேல்
கையை வைக்கவில்லை, முதலில் துணியை விரித்தாள்.

மூன்றாம் நாள் மாத்தயா அந்தப் பக்கம் போனார்.
ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தார்,
நெடுநேரம் எடுக்கவில்லை.
மறுநாள் விலைப்பட்டியலில் ஏழு.
மெஷின் மாடிப்படிக்குக் கீழே.
கொழும்பிலிருந்து ஒரு ஜோடி வந்து இறங்கியது.
இன்னும் ஒன்பது ரவிக்கை.

எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்று
இந்தப் பங்களாவில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இரவு பத்தரைக்கு மணி அடித்தது.
போர்வைக்குள்ளிருந்து கொழும்பு கத்தியது.
சாவியோடு போனேன். குனிந்து காதை வைத்தேன்.
டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினேன்.
"காற்று, மாத்தயா. பழைய குழாய்.
பொங்கல் வரைக்கும் சரிவராது."
அவர்களை நாலுக்கு மாற்றினோம்,
பெட்டிகளை நானே தூக்கினேன், பாரம்.
புத்தகத்தில் எழுதினேன்:
அறை ஏழு. காற்று.

எல்லாரும் படுத்த பிறகு
போய் வால்வைத் திறந்துவிட்டேன்.

நேற்று ஆறாம் அறைக்காரர்
ராத்திரியில் குழாய் தட்டுகிறது என்றார்.
டக டக டக என்று ஓடுமாம், நிற்குமாம், மறுபடி ஓடுமாம்.
மாத்தயா என்னைப் பார்த்தார்.
இரும்பு சூட்டில் நீளும் என்றேன்,
நீளும்போது சத்தம் போடும்.
அதில் பொய் இல்லை.

கீழே இறங்கிக் கட்டை போட்டேன்.
குழாயில் காது வைக்காமலே கேட்டது:
நீளமாக ஒரு ஓட்டம்,
அப்புறம் மெதுவாக, தயங்கித் தயங்கி.
கைக்குழி வளைவுக்கு வந்துவிட்டாள் போல.