எடைக்கு ஒட்டிய இரும்பு

குத்தாய்சியில் அன்று விடாத மழை.
ரியோனி ஆறு பாலத்தின் இடுப்பைப் பிடித்திருந்தது.
மாடிப்படிக்கு அடியில் என் கடை.
குனிந்துதான் வரவேண்டும்.
இரவெல்லாம் ரொட்டி அடுப்புக்குள் குனிபவன் மல்காஸ்,
இங்கே குனிய மறந்தான்.
நெற்றியைத் தேய்த்துக்கொண்டே
ரொட்டிப் பையிலிருந்து எடுத்து வைத்தான்
ஒரு கன்ட்ரோலரை.

"பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் செத்துப்போகிறது.
இத்தாலியிலிருந்து என் மனைவி அனுப்பியது.
வேன்காரன் கூலியே இருபது யூரோ."

பின்னால் பையன், தொர்னிகே.
பதினோரு வயது. பேச்சில்லை.
என் ஸ்க்ரூ டிரைவர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டேன்.
கண் சீக்கிரம் ஏமாறும்,
கட்டைவிரல் கொஞ்சம் பிகு பண்ணும்.
இரண்டு ஓடும் சேருகிற கோட்டில்
நகம் மாட்டியது.
குச்சியைத் தள்ளிவிட்டேன்,
நடுவுக்குத் திரும்பியது,
ஆனால் யோசித்துத் திரும்பியது.
பின்பக்க ஸ்டிக்கரில்
தயாரித்த நாட்டின் பெயரில்
ஓர் எழுத்து லீவில் போயிருந்தது.

எடை மட்டும் கச்சிதம்.
இவ்வளவு கச்சிதமாக இருந்ததால்தான் திறந்தேன்.

பேட்டரிக்கான அறையில்
பிஸ்கட்டில் பாதியளவு ஒரு பேட்டரி.
பக்கத்தில், பசை வழிய ஒட்டிய
இரும்புத்துண்டு.
மின்சாரம் அதைத் தொடுவதில்லை,
கம்பி எதுவும் அதைத் தேடி வரவில்லை.
எடுப்பவர் கை நம்பவேண்டும்,
அதற்காக இருட்டில் உட்கார்ந்து
கனத்துக்கொண்டே இருப்பது
அதன் உத்தியோகம்.

"போலி" என்றேன்.

மல்காஸ் கடைக்கு வெளியே மழையைப் பார்த்தான்.
"அசல் விலை கொடுத்திருக்கிறாள்.
ஒரு கிழவரைத் தூக்கி, குளிப்பாட்டி,
புரட்டிப் படுக்கவைத்த காசு.
அவளிடம் சொல்லிவிடாதே."
என்னிடம் அவள் எண்கூட இல்லை.

கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொன்னேன்,
செருகியது எதையும் பிடுங்காமல்.
மறுநாள் பையன் மட்டும் வந்தான்,
தள்ளுவண்டியில்,
மேஜைத்துணி போர்த்தி,
சொன்ன சொல் மாறாமல்
வால்கள் எல்லாம் தொங்க.

புளூடூத் பட்டியலில் ஒரே பெயர் மூன்று தடவை.
மூன்றையும் நீக்கினேன்.
மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று
கம்ப்யூட்டர் அடிக்கடி தூங்கப்போவதையும் நிறுத்தினேன்.
இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்த,
விளக்கு படபடத்து, பிறகு நின்று எரிந்தது.
சேர்ந்துவிட்டது!
ஒன்பது நிமிஷம்.
திரையில் ஓடியவன் ஓடிய வாக்கில்
பள்ளத்தில் போய் விழுந்தான்.

போலியைத் திட்ட வாயெடுத்தேன்.
எதற்கும் இருக்கட்டும் என்று
தவணையில் வாங்கிய என் அசலை இணைத்தேன்.
அது எட்டே நிமிஷம்.

அப்புறம்தான் பின்பக்கம் எட்டிப்பார்த்தேன்.
நீல யு.எஸ்.பி. துளையில் ஹார்ட் டிஸ்க்,
எந்நேரமும் சுற்றிக்கொண்டு.
அதை ஒட்டி, நகமளவு புளூடூத் ரிசீவர்,
கல்யாண மேளத்துக்குப் பக்கத்தில் நின்று
ரகசியம் கேட்கப் பார்ப்பவன் போல.

"டிஸ்க்கில் என்ன?"
"சினிமா."
"காசு கொடுத்து வாங்கியதா?"
பையன் மறுபடி ஸ்க்ரூ டிரைவர்களை எண்ணத் தொடங்கினான்.

அரை மீட்டர் நீட்டிப்புக் கேபிள், ஏழு லாரி.
ரிசீவரை மேஜை விளிம்புக்குக் கொண்டுவந்தேன்.
போலி நாற்பது நிமிஷம் ஓடியது,
பேட்டரி தீர்ந்து
நியாயமாக நிற்கும்வரை.

இரும்பைப் பெயர்த்தால்
பெரிய பேட்டரிக்கு இடம் கிடைக்கும்.
பெயர்த்தேன். வைத்தேன். மூடினேன்.
கையில் தூக்கிப் பார்த்தேன்.
அதே எடை.

அப்போது பேசினான்:
"எனக்கு முதல் நாளே தெரியும்.
பச்சைப் பட்டனின் எழுத்து விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.
பேனாவால் திரும்ப எழுதிவிட்டேன்."

பார்த்தேன். நல்ல கையெழுத்து.
நேற்று என் கண் அதை அசல் என்று கடந்திருந்தது.

இரும்புத்துண்டைக் கேட்டான்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
கால்சட்டைப் பை ஒருபக்கம் இழுத்துத் தொங்க
வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.
குனியத் தேவையில்லாத உயரம்.
இருந்தும்
வாசலில் குனிந்தான்.