தொப்பியைப் பிடித்திருந்தவன்

எங்கள் நாட்டில் யானை கிடையாது.
ஆனாலும் யானை என்றொரு பட்டம் உண்டு.
ஐந்து பேரைச் சாய்த்தவன் வல்லூறு,
ஏழு பேரைச் சாய்த்தால் யானை,
ஒன்பது பேரையும் சாய்த்து மிஞ்சுகிறவன் சிங்கம்.
சிங்கமும் கிடையாது.

நான் பார்த்த ஒரே யானை
மடாலயச் சுவரில் இருக்கிறது.
குரங்கு, முயல், பெயர் தெரியாத ஒரு பறவை
எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு
காரை பெயர்ந்த ஒற்றைக் கண்ணோடு நிற்கும்.

நான் மல்லன் இல்லை.
யோந்தோன் மோதும்போது
அவன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்.
மூன்றாம் சுற்றில், ஐந்தாம் சுற்றில், ஏழாம் சுற்றில்
அவன் பட்டத்தை மைதானம் கேட்கப் பாடுவேன்.
அசந்து நின்றால் பின்புறத்தில் ஓங்கி ஒரு தட்டு.
தொப்பிக்குள் ஆட்டுக்கொழுப்பும் வியர்வையும் மணக்கும்.
அவன் மனைவி நோர்ஜ்மா
உள்பட்டையில் ஓட்டிய தையலை
என் கட்டைவிரல் ஒவ்வொன்றாக எண்ணும்.

அந்த ஜூலையில், உலான்பாத்தரில்,
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேரில்
எட்டுப் பேர் மிச்சம்.
யோந்தோனுக்கு எதிரே சம்தன்,
வடக்கே ஏரிக்கரையிலிருந்து வந்த லாரி ஓட்டுநர்.
எடைப் பிரிவெல்லாம் எங்களிடம் இல்லை.
இவன் மாவு மூட்டை. அவன் ஒட்டடைக்கம்பு.
ஆனால் கம்பு ஒடியவில்லை.
மழைக்கு ஒதுங்கிய இரண்டு எருதுகள் போல
தோளில் தோளைச் சாய்த்து
ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள்.
தூறல் விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது.
கூட்டம் பொரித்த ரொட்டி வாங்கப் போய்விட்டு வந்தது.

பிறகு எல்லாம் ஒரே மூச்சில்.
காலை வாரினான், இருவரும் சரிந்தார்கள்.
முதலில் புல்லைத் தொட்டது
யோந்தோனின் முழங்கை.
ஒரு இமைப்பொழுது கழித்துத்தான்
சம்தனின் முதுகு.

நடுவர்கள் அந்தப் பக்கம்.
சம்தனின் தொப்பிக்காரர் அந்நேரம் பார்த்து
மூக்குப்பொடிக் குப்பியைத் திறந்துகொண்டிருந்தார்.
நாலாபுறமும் கேமரா வைக்காத காலம்.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை யோந்தோன் பார்த்தான்.

சம்தன் எழுந்தான்.
மார்புக்கயிற்றின் முடிச்சை அவிழ்த்தான்.
குனிந்து, யோந்தோனின் வலக்கைக்குக் கீழே
புகுந்து போனான்.
நான் தொப்பியை வைத்தேன்.
கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கைகளை விரித்துப்
பருந்தாகப் பறந்தான் யோந்தோன்.
காய்ந்த தயிர்க்கட்டிகளை அள்ளி
வானுக்குக் கொஞ்சம், கூட்டத்துக்குக் கொஞ்சம்
வீசினான்.
ஒன்று என் தோளில் பட்டு விழுந்தது.
பொறுக்கித் தின்றேன். புளிப்பு.

பதினொரு வருடம் பாடினேன்,
அரசின் யானை யோந்தோன் என்று.
ஒருமுறைகூடக் குரல் பிசிறவில்லை.
அவன் மகள் கல்யாணத்தில் நான்தான் ஆடு அறுத்தேன்.
என் கூடாரம் காற்றில் சாய்ந்தபோது
முதல் கயிற்றைப் பிடித்தவன் அவன்தான்.
எதையும் பேசிக்கொண்டதில்லை.
குடித்தால் மட்டும்
வலது முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருப்பான்,
குளிர் என்பான்.

ஒருமுறை ஆற்றைக் கடக்கும்போது
எங்கள் ஜீப் சேற்றில் புதைந்தது.
எதிரே வந்த லாரி நின்றது.
இறங்கியவன் சம்தன்.
கம்பியைக் கட்டினான், இழுத்தான்,
சக்கரம் அசையவில்லை.
ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சொன்னான்:
“யானை உள்ளே உட்கார்ந்திருந்தால்
வண்டி எப்படி ஏறும்?”
நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.
யோந்தோன் கதவைத் திறந்து
இடுப்பளவு பனித்தண்ணீரில் இறங்கி நின்றான்.
வண்டி ஏறியது.
சம்தன் காசு வாங்கவில்லை.

அடுத்த ஜூலை. மூன்றாம் சுற்று.
தொப்பிக்காகத் தலையைக் குனிந்தவன்
என் காதோரம் கேட்டான்:
“இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாகப் பாடேன்.”
மேற்கு வரிசையில் சம்தன்
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

மைதானம் பெரிது.
எனக்குத் தெரிந்தது ஒரே குரல்.
கேட்கும்படி பாடினேன்.