மாதத்துக்கு மூன்று தேதிகள்

காசிமேடு ஐஸ் கம்பெனி மாடியறை.
கீழே கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம்
டம்ளரில் டீ வட்டம் வட்டமாக அதிரும்.
வரதப்பன் கேட்டது ஒரே ஒரு வரி:
"மாசா மாசம் எந்தத் தேதில ஐஸு அதிகமாப் போச்சு?
மொத மூணு சொல்லு, போதும்.
ரெண்டாவது மெஷின எப்போ போடணும்னு
நான் பாத்துக்கறேன்."

ஒரு வரிக் கேள்விக்கு
உப்புக்காற்றில் ஊதிப்போன நான்கு நோட்டுகள்.
மரியநாயகத்தின் கையெழுத்தில்
ஒன்றும் ஏழும் ஒருதாய்ப் பிள்ளைகள்.
3/4 என்று அவர் எழுதினால் ஏப்ரல் மூன்று.
கணினி அதை மார்ச் நாலாக்கி
சத்தமில்லாமல் விழுங்கியது.
13/4 வந்தபோதுதான்
பதின்மூன்றாம் மாதம் ஏது என்று முரண்டு பிடித்தது.
தப்பைக் காட்டிக்கொடுத்த தேதிக்கு
மனசுக்குள் ஒரு கும்பிடு.

முதல் ஓட்டத்தில்
வருஷம் ஏப்ரலில் பிறந்தது,
அடுத்து ஆகஸ்ட், அதற்கடுத்து டிசம்பர்.
ஆங்கில எழுத்து வரிசை.
பெயரைப் பிடுங்கிவிட்டு எண்ணைக் கொடுத்தேன்.
ஜனவரி ஒன்றும் நடக்காதது போல
தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அக்டோபரில் இரண்டு தேதிகளுக்கும்
நானூற்றுப் பன்னிரண்டு பார்.
இரண்டும் முதலிடம் என்றால்
அடுத்து நிற்பது இரண்டாவதா, மூன்றாவதா?
இதற்கும் அதற்குமாய் இரண்டு கட்டளைகள் உண்டு,
எதை எழுதுவது என்று விழித்துக்கொண்டிருந்தேன்.
லோடு சீட்டு வாங்க வந்த சகாயராஜ்
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னான்:
"ரெண்டு பேரு ஃபர்ஸ்ட்டு வந்தா
அடுத்தவன் மூணாவதுதான்.
கேரம் மேட்ச்ல அப்டித்தான் குடுப்பான்."
அப்படியே எழுதினேன்.

நவம்பரில் முதலிடம்: பதினெட்டு.
எத்தனை பார் என்ற கட்டம் காலி.
பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கச் சொன்னால்
இந்த மெஷினில் காலிதான் முன்னால் வந்து நிற்கும்.
எழுத மறந்திருப்பார், அப்புறம் கேட்கலாம் என்று
தள்ளி வைத்தேன்.

"மே மாசம் எங்கம்மா?"
தடைக்காலம். போட்டெல்லாம் கரையில்.
நோட்டில் ஒரு பக்கம்கூட இல்லை.
இல்லாத நாளை மெஷினுக்கு எண்ணத் தெரியாது,
நாள் என்று ஒன்று இருந்ததே அதற்குத் தெரியாது.
வருஷத்தின் அத்தனை தேதிகளையும்
தனி அட்டவணையாக அடுக்கினேன்.
விற்பனையை அதன் பக்கத்தில் ஒட்டினேன்.
காலி எங்கே கண்டாலும் பூஜ்யம் போடு என்றேன்.
மே வந்தது:
முப்பத்தொரு தேதிகள்,
முப்பத்தொன்றும் பூஜ்யம்,
முப்பத்தொன்றும் முதல் ரேங்க்.
வரதப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார்.
"எங்க ஸ்கூல்ல இப்டிப் போட்டிருந்தா
நானும் படிச்சிருப்பேன்."

அதே பூஜ்யம்
நவம்பர் பதினெட்டையும் தொட்டிருந்தது.
முதலில் நின்ற தேதி
இப்போது கடைசியில், முப்பதாவதாக.

மரியநாயகத்திடம் நோட்டைக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டவில்லை.
"மறக்கலம்மா. போட்டு கவுந்த அன்னிக்கு.
நாலு வூட்டுக்கும் இங்கேர்ந்துதான் போச்சு.
தம்பிங்க வெளியூர்லேர்ந்து வர்ற வரைக்கும் வெக்கணுமே.
ராத்திரி பூரா தூக்கினு போனாங்க.
யாரு எண்ணிக்கினு இருந்தா?"

பூஜ்யம் பொய்.
பார்கள் போயிருக்கின்றன, எண்தான் இல்லை.
முதலிடமும் பொய்.
எனக்குத் தெரிந்த எந்தக் கட்டளையிலும்
அதற்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

வரதப்பன் நெடுநேரம் திரையைப் பார்த்தார்.
கீழே யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம்.
"ரேங்க் போடாத," என்றார்.
"தேதிய மட்டும் வெச்சிரு."

அறிக்கை இப்போது
மாதத்துக்கு மூன்று வரிகள்.
மேயில் முப்பத்தொன்று.
நவம்பரில் நான்கு.