துடைப்ப வண்டி

வெர்பிட்சா நகர நூலகத்தில்
வென்றவர்களுக்கென்று தனி அலமாரி.
தோல் அட்டை, பொன் எழுத்து, ஆண்டுக்கு ஒரு பக்கம்.
எங்கள் பேரேடு கிடப்பது பணிமனையில்,
டீசல் கறையோடு,
ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்.

அவர்கள் ஓடுகிறார்கள். நான் ஓட்டுகிறேன்.
கடைசி ஆளுக்கு இருபதடி பின்னால்,
முதல் கியர் முனக முனக.
ஊரில் இதற்குத் துடைப்பம் என்று பேர்.

1926. ஓடியவர் பதினோரு பேர்.
பின்னால் போனது பீர் ஆலையின் குதிரை வண்டி.
ஏறியவர் ஒன்பது என்று
க்டிபோர் ஹவ்ரான் பென்சிலில் எழுதியிருக்கிறார்.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
குதிரைக்கும் மூச்சு வாங்கியது.
வென்றவன் யாரென்று குறிக்க அவருக்குத் தோன்றவில்லை.
அவர் அவனைப் பார்க்கவே இல்லையே.

1931. மழை. பாலத்தருகே நால்வர்.
அதிலொருவன் சப்பாத்துத் தைப்பவன்.
தான் தைத்ததே தன் காலைக் கடித்ததை
யாரிடமும் சொல்ல வேண்டாமென்று கெஞ்சினான்.
ஹவ்ரான் சொல்லவில்லை,
எழுதி வைத்துவிட்டார்.

பிறகு ஆறு பக்கம் வெறுமை.
வெறுமை என்றும் சொல்ல முடியாது,
கோடு போட்டிருக்கிறது, தேதி போட்டிருக்கிறது,
அக்டோபர் முதல் ஞாயிறு,
அக்டோபர் முதல் ஞாயிறு,
ஏறியவர் கட்டத்தில் மட்டும் ஒன்றுமில்லை.
அந்த ஆண்டுகளில் இந்த ஊரின் வண்டிகள்
யார் யாரை ஏற்றிப் போயின என்பதற்கு
வேறு பேரேடு இருந்திருக்கும்.

1946. பாலம் ஆற்றுக்குள் கிடந்தது.
படகில் கடந்தார்கள்,
படகில் உட்கார்ந்திருந்த நேரத்தையும் கடிகாரம் எண்ணியது.
படகோட்டி வேண்டுமென்றே மெதுவாகத் துடுப்புப் போட்டான் என்று
இரண்டு புகார்.

அப்புறம் வீதிகளுக்குப் பெயர் மாறியது,
மறுபடி மாறியது.
முப்பதாவது கிலோமீட்டர்த் திருப்பம் ஒன்று
பேரேட்டில் மூன்று பெயரில் வருகிறது.
முழங்கால் பிடித்துக்கொள்வது
எப்போதும் அங்கேதான்.

1969. பெண்கள் ஓடக் கூடாத காலம்.
யார்மிலா ஷெப்கோவா
தம்பியின் தொப்பியில் கூந்தலைத் திணித்து ஓடினாள்.
இருபத்தாறில் தொப்பி விழுந்தது.
அவளைப் பிடித்து ஏற்று என்று உத்தரவு.
ஓட்டுநர் வேலெக்கின் கையெழுத்து நடுங்கவில்லை:
வண்டி பழுது. நாற்பது நிமிடம்.
பொன் எழுத்துப் புத்தகத்தில் அவள் இல்லை.
எங்கள் புத்தகத்திலும் இல்லை,
அவள் ஏறவில்லையே.

இப்போது எட்டாயிரம் பேர்,
பலூன், ஒலிபெருக்கி, சப்பாத்தில் ஒரு சில்லு.
நான் துடைப்பம் ஓட்டுவது பதினேழாவது முறை.
ஏறுகிறவர் யாரும்
தோற்றேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.
மணி என்ன என்பார்கள்.
ஜன்னலைத் திறக்கலாமா என்பார்கள்.
வண்டி முழுக்கத் தைல வாசம்,
ஈர உடம்புகளின் ஆவி,
யாரோ ஒருவர் வாழைப்பழத்தை நாலாய்ப் பிட்டு
பின் இருக்கைக்கு அனுப்புவார்.

சென்ற ஆண்டு, முப்பத்தெட்டில்,
ராதிம் கொல்மன், கணக்கர், ஐம்பத்தொன்பது வயது.
சதுக்கம் கண்ணில் பட்டதும் எழுந்து நின்றார்.
எல்லைக் கோட்டுக்கு இன்னும் இருநூறு மீட்டர்.
இறக்கிவிட விதியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் கேட்டது அதுவல்ல:
அந்த ரொட்டிக் கடை ஓரம் நிறுத்துங்கள்,
ஆறு மணிக்கு மூடிவிடுவான்.
நிறுத்தினேன்.
ஒரு ரொட்டியோடு, மார்பில் எண்ணோடு,
நொண்டி நொண்டித் தன் தெருவுக்குள் திரும்பினார்.

பணிமனை கோட்டுக்கு அந்தப் பக்கம்.
கடிகாரத்தைக் கழற்றிய பிறகு,
காகிதக் குவளைகளைப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது,
நான் அதைத் தாண்டிப் போவேன்.

விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.
ஏறியவர் முப்பத்தொன்று.
எங்கே ஏறினார்கள் என்பதற்குக் கட்டம் உண்டு.
எங்கே இறங்கினார்கள் என்பதற்கு
ஹவ்ரான் கட்டம் போடவில்லை.
கொல்மனின் ரொட்டியை
ஓரத்தில், பொடி எழுத்தில்.