லைனைக் கட் பண்ணக்கூடாது

மஞ்சள் மண்டியில் ஏலம் முடிந்து
மூட்டை ஏறுகிற நேரத்தில்தான்
என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.
"போன்ல யாரையும் கைது பண்ண முடியாதுங்க,
அப்படியொரு சட்டமே கிடையாதுங்க."
முன்னால் நின்றவர் கேட்டார்:
"விரலி நாளைக்கு வெலை ஏறுமாங்க?"
துண்டறிக்கை கொடுத்தேன்.
பாதி, போண்டா மடிக்கப் போனது.

பதினோராம் நாள்
நசியனூரிலிருந்து ஒரு கிசுகிசுப்பு:
"அம்மணி, என்னைய அரெஸ்ட் பண்ணி வெச்சிருக்காங்க."
எங்கீங்க?
"எங்கூட்லதானுங்க. ரெண்டு நாளா.
கேமரா முன்னாலயே உக்காந்திருக்கோணுமாம்,
லைனைக் கட் பண்ணக்கூடாதாம்.
மாட்டுக்குத் தண்ணி காட்டப் பத்து நிமிசம் விட்டாங்க.
இது சம்சாரத்து போனுங்க.
எண்ணெ ஊறுன தாள்ல உங்க நம்பர் இருந்துச்சு."
பின்னால் எருமை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அவனுக்கு மடிப்புக் கலையாத காக்கி,
மூன்று நட்சத்திரம், முதுகுக்குப் பின்னால் கொடி.
நானோ ஸ்கூட்டியில் நனைந்துபோன ஏட்டு,
சட்டைமேல் மகனின் மழைக்கோட்டு.
சென்னியப்பன் சந்தேகப்பட்டது என்னைத்தான்.
அடையாள அட்டையை வெளிச்சத்தில்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பாருங்க, நல்லாப் பாருங்க.

போனது நான்கு லட்சத்து எண்பதாயிரம்.
பத்தொன்பது முப்பதில் பதிந்து
வங்கி வங்கியாய் விரட்டி
நிறுத்தி வைத்தது மூன்றேகால்.
மீதி ஏழு கணக்குகளில் சிதற,
கடல்தாண்டி எங்கோ இருப்பான் என்று
நாங்கள் நினைத்திருந்த திருடனின் ஒரு விரல்
காவிரிக்கு அந்தக் கரையில்,
திருச்செங்கோட்டில்.

கிரிதரன். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு.
பாஸ்புக்கையும் சிம்மையும்
ஐயாயிரத்துக்கு வாடகைக்கு விட்டவன்.
"கணக்குத்தான் மேடம் குடுத்தேன்,
யாரையும் ஏமாத்தலீங்க."
சட்டத்தில் அதற்கும் பெயர் இருக்கிறது,
வாசித்துக் காட்டினேன்.
லாரிப் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்த அப்பா
உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

செவ்வாய்க்கிழமை அவன் கல்லூரியில் பேச வேண்டும்.
'முன்பின் தெரியாதவர்களிடம்
எச்சரிக்கையாக இருங்கள்' என்ற
பழைய முதல் வரியை அடித்துவிட்டேன்.
வேறு வரி இன்னும் வரவில்லை.

நடுவில் சென்னியப்பனைக் கூப்பிட்டேன்,
பணத்தை விடுவிக்க உத்தரவு வந்துவிட்டதென்று சொல்ல.
"நெசமாலுமே அந்த அம்மணிதானா?
இருக்கட்டும். நா ஸ்டேசனுக்கே வந்து
பாத்துக்கறேன்" என்றவர்
லைனைக் கட் பண்ணினார்.