முப்பத்துமூன்றில் பதினான்கு

மன்னார்குடி கோர்ட்டில் சமரச அறை என்பது
பழைய பைல்களை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்ட அறை.
ஃபேனுக்கு அடியில் அவர். ஜன்னலோரம் நான்.
மேசைமேல் அவருடைய பென்ஷன் புத்தகம்,
அட்டை மூலையில் என் விரல் பட்ட மஞ்சள் கறை.

"வேலை பார்த்தவர் அவர், பென்ஷன் அவருடையதும்மா.
நீங்க ஜீவனாம்சமாக் கேக்கலாம்,
அவர் மனசு வச்சு ஒரு தொகை.
ரவுண்டா எட்டாயிரம்னு எழுதிடட்டுமா?"

ரவுண்டாக வேண்டாம் என்றேன்.

முப்பத்துமூன்று வருஷம் அவர் லஸ்கர்,
நீடாமங்கலம் மூணாறு தலைப்பில்.
வெண்ணாறு வந்து நின்று
கோரையாறு, பாமணியாறு, மிச்சம் தான் என்று
பிரிந்து போகிற இடம்.
அங்கே யாரும் மனசு வைத்துப் பிரிப்பதில்லை.
கல்லில் அளவு வெட்டியிருக்கிறது.
ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் பார்த்து
நோட்டில் எழுதவேண்டும்.

அந்த நோட்டை யாராவது எடுத்துப் பாருங்கள்.
ராத்திரி இரண்டு மணிக் கணக்கெல்லாம் என் எழுத்து.
ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு இழுப்பேன்,
ஒன்றோடு குழம்பிவிடக் கூடாதென்று.
கையெழுத்து மட்டும் காலையில் அவர் போடுவார்,
பல் விளக்கிக்கொண்டே.

ஓர் ஐப்பசி வெள்ளத்தில்
அவர் ஒரத்தநாட்டில் விசேஷ வீட்டில் இருந்தார்.
எது விசேஷம் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது.
ஓவர்சியர் கதவைத் தட்ட,
வாட்ச்மேன் மகனும் நானும் போய்
ஷட்டர் கைப்பிடியைச் சுற்றினோம்.
நூறு வரை எண்ணினேன். அப்புறம் எண்ணவில்லை.
வயிற்றில் சின்னவன், ஐந்து மாதம்.
அந்த மாதச் சம்பளத்தில் எந்த ரூபாய் என்னுடையது
என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

வக்கீல் ரெஜினா ஒரு கவரின் பின்பக்கம் கணக்குப் போட்டார்.
சர்வீஸ் முப்பத்துமூன்று.
அதில் நான் இருந்தது இருபத்தெட்டு.
பாதி, பதினான்கு.
மாதம் இருபத்துநான்காயிரத்து எழுநூற்று ஐம்பதை
முப்பத்துமூன்றால் வகுத்தால்
ஒரு வருஷத்து உழைப்புக்கு எழுநூற்று ஐம்பது.
எனக்குப் பத்தாயிரத்து ஐநூறு.
"சட்டத்துல இப்படி இல்லக்கா," என்றார் மெதுவாக,
"ஆனா கேக்கலாம்."
அவருடைய ஏழுக்கும் குறுக்குக் கோடு இருந்தது.

"அஞ்சு வருஷம் நீ வர்றதுக்கு முன்னாடி."
அன்றைக்கு முதல் தடவையாக அவர் வாய் திறந்தார்.
"அதைக் கழிச்சாச்சு," என்றேன்.
"அது உங்க அம்மா பொங்கிப் போட்ட அஞ்சு.
அவங்க பங்குக்கு நான் வரலை."

கம்யூட் பண்ணி மொத்தமாக வாங்கிய பணம் எங்கே
என்று ரெஜினா கேட்டதும்
அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.
ஜன்னலில் நான் இருந்தேன்.
ஃபேனைப் பார்த்தார்.

வாய்தா ஆனிக் கடைசிக்குப் போயிற்று.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது
ரெஜினா இன்னொன்றும் சொன்னார்:
விவாகரத்து ஆனவளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது.
அவர் மூச்சு நிற்கிற அன்றைக்கு
என் பதினான்கும் நின்றுபோகும்.

வருஷத்துக்கு ஒரு தரம் கருவூலத்தில்
உயிரோடு இருக்கிறேன் என்று அவர் விரல் வைக்கவேண்டும்.
நான் இருக்கிறேனா என்று கேட்க ஓர் ஆபீஸும் இல்லை.
இருபத்தெட்டு வருஷம் வெள்ளிக்கிழமை விளக்கின் முன்னால்
மாங்கல்யம் நிலைக்க என்று வாய் சொல்லும்,
மனசு அடுப்பில் பொங்குகிற பாலைப் பார்த்திருக்கும்.
தாலியைக் கழற்றிப் பீரோவில் வைத்த பிறகு
இப்போதுதான் நிஜமாக வேண்டிக்கொள்கிறேன்,
நூறு வயசு இருக்கட்டும் அந்த ஆள்.

சின்னவனுக்குப் போன் போட்டேன்.
அப்பா சுகர் மாத்திரை போடுறாரா?
ராத்திரி மாத்திரையை மறந்துவிட்டு
காலையில் போட்டதாகச் சொல்லுவார், நம்பாதே.
நீயே பார்த்து
நோட்டில் எழுதி வை.