கண்ணாடிப் பெட்டி

பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே
டேப்லெட்டோடு ஒரு பையன்.
எதுக்காகப் போட்டீங்க, ஒண்ணு மட்டும் சொல்லுங்க என்கிறான்.
வளர்ச்சி. தலைவர். கட்சி. சாதி. மற்றவை.

தம்பி,
என் வீட்டுக்காரர் சவரிநாதன் செத்தது
ஐப்பசி மழையில், ராத்திரி ரெண்டு மணிக்கு.
முதலியார்பேட்டையில் எங்கள் சந்து
முழங்கால் தண்ணீரில் நின்றது.
போன் போட்டு இருபது நிமிஷம் ஆகவில்லை,
கோதண்டபாணியின் ஆட்கள் தோளில் தூக்கி வந்தார்கள்
ஐஸ் பெட்டியை.
பக்கவாட்டில் அலமாரிச் சின்னம்.
ஓரம் உரிந்த இடத்தில் குடை தெரிந்தது,
அவர் முந்தி இருந்த கட்சி.

பெரியவன் குவைத்திலிருந்து வந்து சேர இரண்டு நாள்.
மூக்கில் பஞ்சோடு கிடந்தார்,
வாழ்நாளில் முதல் தடவையாகக் குளிரில்.

மறுநாள் சாயங்காலம் கரண்ட் போயிற்று.
கண்ணாடியில் வியர்வை கோத்தது.
நான் தலைப்பால் துடைக்கத் துடைக்க
அவர் முகம் மங்கிக்கொண்டே போனது.
அப்போதுதான் இருசப்பன்,
கோதண்டபாணியை எதிர்த்து நின்று தோற்றவன்,
தட்டு வண்டியில் ஜெனரேட்டர் கொண்டுவந்தான்.
விடியவிடிய டீசல் ஊற்றியது அவன் மச்சினன்.

ஒருத்தர் பெட்டி, இன்னொருத்தர் மின்சாரம்.
என் மனுஷன் கெடாமல் போய்ச் சேர்ந்தார்.
என்னிடம் இருப்பதோ ஒரே ஓட்டு.
போன தடவை வித்தியாசம் அறுபத்தொன்று.
எங்கள் தொகுதியில் தும்மினால்
வேட்பாளருக்குக் கேட்கும்.

கவர் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. வாங்கினேன்.
அரிசி டின்னில் கிடக்கிறது, அதை எழுதிக்கொள்ளாதே.
அவர் இருந்தால் இரண்டையும் திருப்பியிருப்பார்.
மில் மூடிப் பதினோரு வருஷம்
பாக்கிப் பணத்துக்கு மனு எழுதி எழுதியே
கையெழுத்து அழகானவர்.
நகல்கள் டிரங்குப் பெட்டியில் அடுக்கியிருக்கின்றன.
அதைக் கேட்டு யாரும் வந்ததில்லை.
சாவுக்கு எல்லாரும் வந்தார்கள்.

நீ எந்தக் கட்டத்தை வேண்டுமானாலும் தொட்டுக்கொள்.
வெயிலில் நிற்காதே.

உள்ளே பட்டனை அழுத்தினேன். பீப் என்றது.
பக்கத்துப் பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால்
துண்டுச்சீட்டு ஒன்று வந்து நின்றது.
ஏழு நொடி என்றார்கள்.
என் கை தானாகத் தலைப்பைத் தேடியது,
துடைக்க.
அதற்குள்
கீழே விழுந்துவிட்டது.